வவுனியாவின் இரண்டு தீர்ப்புகள்
(வவுனியாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆளப்படும் மக்கள் ஆள்பவரிடம் மனுக் கொடுப்பதை விட்டுவிட்டு, இனி நாங்கள் தனியே போகிறோம் என்று எந்தக் கட்டத்தில் சொல்கிறார்கள்? எதனால் சொல்கிறார்கள்? இதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கா, இந்தியா என்று தொடங்கலாம். ஆனால் விடை தேட நல்ல இடம் வவுனியாத் தொகுதியின் தேர்தல் முடிவுகள்தான் என்று நினைக்கிறேன்.

1960 மார்ச்சில் இத்தொகுதியில் செ. சுந்தரலிங்கம் போட்டியிட்டார். அப்போது முல்லைத்தீவும் சேர்ந்ததே வவுனியாத் தொகுதி. தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. மக்கள் அவரைத் தோற்கடித்து தா. சிவசிதம்பரத்தை அனுப்பினார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 1977 ஜூலையில், தனிநாட்டுக்கு ஆணை தாருங்கள் என்று கேட்டு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி இங்கே வென்றது. வென்றவர் யார் தெரியுமா? அதே சிவசிதம்பரம். ஆளும் அதே ஆள், ஊரும் அதே ஊர். தீர்ப்பு மட்டும் நேரெதிர். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் சுந்தரலிங்கம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைய தலைமுறைக்கு அவரைத் தெரியாமற் போய்விட்டது. 1895இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கணிதம் படித்தவர். சிவில் சேவை உத்தியோகத்தை உதறிவிட்டு கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில், பௌத்தர்களின் முதன்மைக் கல்லூரியில், உப அதிபராக இருந்தவர். பிறகு பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1947இல் சுயேச்சையாக வவுனியாவில் வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். சிங்களவரோடு சேர்ந்து வாழ முடியாது என்று நினைத்த மனிதரின் வாழ்க்கையா இது? 1948 டிசம்பரில், இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். இவர் பதவியைத் தூக்கிக் கொடுத்தார். மலையகத் தமிழருக்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர் வவுனியாவின் பிரதிநிதி. இதை நாம் மறந்துவிட்டோம், மறந்திருக்கக் கூடாது.

அடுத்து தேசியக் கொடிப் பிரச்சினை. 1951இல் பாராளுமன்றப் பதவியையே துறந்தார். மக்கள் இடைத்தேர்தலில் அவரையே பாராளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1950களின் இறுதியில் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எழுதிய கடிதங்கள், அறிக்கைகள், மகஜர்கள் ஏராளம். தனிநாடு கேட்டதைக்கூட ஆவணங்களாகத் தொகுத்து அச்சிட்டார். பெட்டிசம் எழுதியே பழகிய கை, பிரிவினையையும் பெட்டிச வடிவிலேதான் கேட்டது.

ஆக, கணக்கில் அவர் 17 ஆண்டுகள் முந்திவிட்டார். ஆனால் மக்கள் பின்னால் வரவில்லை. கொடிக்காகப் பதவி துறந்தவரைத் திருப்பி அனுப்பிய அதே வாக்காளர்கள், தனிநாட்டுக்காக வந்தவரைத் தோற்கடித்தார்கள். அவர் மீது வெறுப்பில்லை. இன்னும் கேட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது.

அந்த நம்பிக்கைக்குப் பழைய வேர் உண்டு. 1915 கலவரத்தில் பிரித்தானியர் சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடினார், லண்டன் வரை போய் முறையிட்டார். திரும்பி வந்தவரைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியில் வைத்து இழுத்தவர்கள் சிங்களத் தலைவர்கள். மனு பலித்த காலம் அது. அவருடைய தம்பி அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று முந்திய ஆண்டு எழுத்தில் தந்த வாக்கு காற்றில் போனதும் 1921இல் அவர் விலகினார். எழுதிக் கொடுத்ததை மீறும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் அடுத்து வந்த தலைவர்கள் ஆணைக்குழுக்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சோல்பரி ஆணைக்குழுவுக்கு முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் மணிக்கணக்காகப் பேசியது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

பெரியவர்கள் இப்படி மகஜர் எழுதிக்கொண்டிருந்தபோது, பிச்சை கேட்க மாட்டோம் என்று முதலில் சொன்னவர்கள் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ்காரர்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு போதாது, முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகின. கவனியுங்கள், அவர்கள் கேட்டது தமிழருக்கான நாடன்று. இலங்கை முழுவதற்குமான சுதந்திரம். இந்தத் தீவில் மனுவைத் தாண்டி விடுதலை கேட்டவர்களின் வரிசையில் அவர்களுக்கு முன்னிடம் உண்டு.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மக்கள் ஏன் மாறினார்கள்? கஷ்டம் தாங்க முடியாமல் மாறினார்கள் என்பதே வழக்கமான பதில். நான் அதை ஏற்கவில்லை. வன்னியை வைத்தே சொல்கிறேன்.

1970 முதல் 1977 வரை வன்னி விவசாயிக்கு எப்படிப்பட்ட காலம்? அரசு செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டிருந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற பிள்ளைகள், பாயில் பரப்பிக் காய்ந்த மிளகாயைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றி, திரும்பி வரும்போது தண்ணீர்ப் பம்போடும் சீமெந்துப் பையோடும் வந்தார்கள். மண் சுவர் வீடு கல்வீடான காலம். இங்கே முன்வரிசையில் இருக்கும் ஐயாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவர்கள் அந்த மிளகாய்த் தோட்டத்தில் நின்றவர்கள். அந்த விலையை உடைத்தது 1977இல் வந்த திறந்த பொருளாதாரம். அதாவது, வன்னி பிரிவினைக்கு வாக்களித்த ஜூலையில் வன்னி விவசாயியின் கையில் காசு இருந்தது.

பல்கலைக்கழக அனுமதியையும் பாருங்கள். தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து மாணவனின் நெஞ்சில் குத்தியது, அது உண்மை. மொழி பார்த்து வெட்டுப்புள்ளி வைப்பது அநீதி, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா வவுனியா, மன்னார் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது. யாழ்ப்பாணத்து மேடைகளில் இதைச் சொல்வது குறைவு. நன்மை பெற்ற மாவட்டங்களும் 1977இல் அதே தீர்ப்பைத்தான் கொடுத்தன.

அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இதுதான் கதை. 1765இல் முத்திரை வரியை எதிர்த்து மனுப் போட்ட அந்த மக்கள், இங்கிலாந்தில் இருந்தவர்களைவிடக் குறைந்த வரி கட்டியவர்கள், அவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டவர்கள். வயிற்றுப் பசி அவர்களைச் சுதந்திரத்துக்கு இழுத்துப் போகவில்லை.

மனு நிராகரிக்கப்பட்டாலும் மக்கள் மாறுவதில்லை என்பது இன்னுமொன்று. நிராகரிப்பு இன்னொரு மனுவைத்தான் பிறப்பிக்கும். கச்சேரிப் படி ஏறியவர்களுக்கு இது தெரியும். இன்று வா, நாளை வா என்றாலும் போய்க்கொண்டே இருப்போம். மக்களை மாற்றுவது வேறு இரண்டு. சம்மதித்துக் கையெழுத்திட்டதைக் கிழிப்பது ஒன்று. மனுவை வாங்கும் வாசலையே அடைப்பது மற்றது.

முதலாவதைப் பார்ப்போம். 1957 ஜூலை 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம். பிரதேச சபைகள், தமிழ் மொழிக்கு இடம் என்று பேசுவார்கள். வன்னிக்கு உயிரான வரி வேறொன்று: குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கும்.

இதன் கனம் காணிக் கச்சேரியில் நின்றவனுக்குத்தான் விளங்கும். அறிவித்தல் ஒட்டுவார்கள். விடியவே வந்து மர நிழலில் காத்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் உத்தியோகத்தர் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். கலியாணம் கட்டியவரா, எத்தனை பிள்ளைகள், வேறு காணி உண்டா, கமம் செய்து பழக்கமா? சுற்றி ஊரே நிற்கும், பொய் சொன்னால் யாராவது எழுந்து மறுப்பார்கள். கடைசியில் ஒரு பட்டியல். பெயர் இருந்தால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஒரு பெர்மிட்; காட்டை வெட்டலாம், பிள்ளைகளுக்கு ஒரு நிலம் உண்டு. அந்தப் பட்டியலில் யார் பெயர் எழுதுவது? கொழும்பா, இந்த மண்ணில் தெரிவான சபையா? 1957 ஒப்பந்தம் சபை என்றது. பதவியாக் குடியேற்றத் திட்டம் வவுனியாவின் எல்லையோடு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

ஒப்பந்தம் ஒரு வருடம்கூட வாழவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அவர் அன்றே ஒப்பந்தத்தைக் கைவிட்டு, அதை எழுத்திலும் கொடுத்தார். மே மாதத்தில் கலவரம். 1965 மார்ச் 24ஆம் திகதி டட்லி சேனநாயக்காவோடு மீண்டும் ஓர் ஒப்பந்தம். அதிலும் காணி: முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றவர், அடுத்து வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்கள், அதன் பின்னரே மற்றவர். மாவட்ட சபை மசோதா 1968இல் கைவிடப்பட்டது. காணி பற்றிய வரியை இரண்டு பிரதமர்கள் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேரும் கைவிட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் மக்கள் மீண்டும் கேட்டிருப்பார்கள். நியாயந்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டுக் கைவிட்டதால், இனிக் கேட்பதற்குப் புதிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

இடையில் 1961. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார் என்று பரவி வவுனியாக் கச்சேரி வாசலுக்கும் வந்தது. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுத் தபாற் சேவை என்று சொந்த முத்திரை வெளியிட்டார்கள். சில நாட்களில் அவசரகாலச் சட்டம், இராணுவம், பனாகொடைத் தடுப்பு முகாம். ஆனாலும் அவர்கள் கேட்டது சமஷ்டிதான். இத்தனைக்குப் பிறகும், 1970 தேர்தலில் தமிழரசுக் கட்சி நாட்டைப் பிரிப்பதை எதிர்த்தே வாக்குக் கேட்டது. தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கிய வி. நவரத்தினம் ஊர்காவற்றுறையில் தோற்றார். சுந்தரலிங்கமும் காங்கேசன்துறையில் செல்வநாயகத்திடம் தோற்றார். தமிழ் மக்களின் பொறுமையை அளக்க வேண்டுமானால் அந்தத் தேர்தலை எடுத்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது. வாசலை அடைப்பது.

கோடீஸ்வரன் வழக்கு என்று ஒன்று உண்டு, சட்டம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர். சிங்களப் பரீட்சை எழுதவில்லை என்பதால் 1962இல் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போட்டார். தனிச் சிங்களச் சட்டம் சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவை மீறுகிறது என்பதே வாதம். கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்றார் ஒரு சாதாரண மாவட்ட நீதிபதி! உயர் நீதிமன்றம் 1967இல் மாற்றியது. எப்படி? அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்றது. சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 1969 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகம், அதுதான் பிரிவி கவுன்சில், வழக்குத் தொடர முடியும் என்று சொல்லி, முக்கிய கேள்வியை விசாரிக்கும்படி இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி புதிய அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு அதில் இல்லை. கேள்விக்கு விடையே வரவில்லை. கேட்கும் இடமும் போனது, எதை வைத்துக் கேட்டோமோ அந்தப் பிரிவும் போனது.

இந்த இடத்தில்தான் எனக்கு அமெரிக்கர்களின் ஞாபகம் வருகிறது. 1774 ஜனவரியில் இதே பிரிவி கவுன்சிலுக்கு முன்னால் பெஞ்சமின் பிராங்கிளின் நின்றார். ஆளுநரை மாற்றும்படி மசாசுசெட்ஸ் மக்கள் அனுப்பிய மனுவுக்காகப் போனவரை, அரசாங்க வழக்கறிஞர் சபை நடுவில் வைத்து ஏசித் தீர்த்தார். பிராங்கிளின் வாய் திறக்காமல் நின்றார். பேரரசுக்குள் இருந்தே தீர்வு காணலாம் என்று அதுவரை நம்பியவர் அவர். 1775 ஜூலையில், சண்டை தொடங்கிய பின்னரும், குடியேற்றங்கள் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மிகப் பணிவாக ஒரு சமாதான மனு அனுப்பின. மன்னர் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்டில் அவர்களைக் கிளர்ச்சிக்காரர் என்று பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சுதந்திரப் பிரகடனம். அந்தப் பிரகடனத்தில் தங்கள் மனுக்களுக்கு நேர்ந்த கதியை அவர்கள் மறக்காமல் எழுதி வைத்தார்கள். மன்னர் அந்தத் தாளைக் கையில் வாங்கியிருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்குமோ என்று பலர் யோசித்திருக்கிறார்கள். நானும் யோசிப்பதுண்டு.

நம்முடைய தாளை 1971இல் வாங்க மறுத்தார்கள். அரசியல் நிர்ணய சபைக்குத் தமிழரசுக் கட்சி சமஷ்டித் திட்டத்தோடு போனது; வி. தருமலிங்கம் அதை முன்வைத்துப் பேசினார். தோற்கடித்தார்கள். மொழி பற்றிய திருத்தங்களையும் தோற்கடித்தார்கள். ஜூன் மாதத்தில் கட்சி வெளியேறியது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் செல்வநாயகம் பதவியைத் துறந்து, புதிய யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று என் தொகுதியில் கேட்டுப் பாருங்கள் என்றார். அரசு இடைத்தேர்தலையே இரண்டு வருடங்களுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் வைத்தது. ஒருவர் வாக்குப் பெட்டியை நீட்டி எங்களைக் கேளுங்கள் என்கிறார், அதற்கும் பதில் இல்லை. 16,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் அவர் வென்றார். 1976 மே 14ஆம் திகதி, தனிநாடு கேட்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977இல் கூட்டணிக்கு 18 ஆசனங்கள்; வவுனியாவில் சிவசிதம்பரம், முல்லைத்தீவில் செல்லத்தம்பு, கிளிநொச்சியில் ஆனந்தசங்கரி. தீர்ப்பு மாறியது இப்படித்தான்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மையாகிவிடும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நுழையக் கேட்டபோது, வாசலில் மறித்து நின்றவர் யார்? சுந்தரலிங்கம் அவர்கள்தான். மலையக மக்களுக்காக அமைச்சர் பதவியைத் துறந்த அதே மனிதர். மேலே நீதி கேட்ட கை, கீழிருந்து நீட்டிய மனுவைத் தள்ளிவிட்டது. அவருடைய தியாகத்தை எண்ணிப் பெருமைப்படுபவர்கள் இதையும் எண்ண வேண்டும். என்னால் ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல முடியாது. மலையகத் தலைவர் தொண்டமான் அவர்கள் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தும், தனிநாடு மலையக மக்களுக்குத் தீர்வாகாது என்று ஒதுங்கிக்கொண்டார். அவருடைய கவலை நியாயமானது. மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு கிளிநொச்சி மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் குடியேறிய குடும்பங்கள், நம்முடைய ஆட்களிடமே எத்தனை காலம் காணிக்காக மனுக் கொடுத்தார்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் மேசைக்கு வந்த மனுக்களை நாம் எப்படி வாங்கினோம் என்பதும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்து, தனிநாட்டை ஆதரிப்பதையே குற்றமாக்கியது. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். மக்களின் மனுவையும் ஆணையையும் கொண்டுபோகப் பாராளுமன்றத்தில் ஆளில்லாமற் போனது. அதன் பிறகு நடந்ததை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அதற்குள் வாழ்ந்தவர்கள், அதில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2017 ஜனவரி முடிவில் கேப்பாப்பிலவுக்குப் பக்கத்துப் பிலக்குடியிருப்பில் விமானப்படை முகாமுக்கு முன்னால் தங்கள் காணியைக் கேட்டு மக்கள் குந்தினார்கள். வீதியில் சமைத்தார்கள், பிள்ளைகளோடு வீதியில் படுத்தார்கள். மார்ச் முதலாம் திகதி விமானப்படையினர் காணியை விட்டார்கள். முழுக் கேப்பாப்பிலவும் விடுபடவில்லைதான். ஆனால் ஒரு மனுவுக்குப் பதில் வந்தது, வந்த இடத்தில் மக்கள் வீட்டுக்குப் போய் வேலி கட்டினார்கள். பதில் கிடைத்தால் மனிதர் வேண்டுவது அவ்வளவுதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

அதே 2017இல், பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் அமர்ந்தார்கள். இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே என்பது ஒன்றே அவர்களுடைய கேள்வி. ஜனாதிபதியைச் சந்தித்தார்கள். ஆணைக்குழுக்களில் சாட்சி சொன்னார்கள். காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. நஷ்டஈடும் மரணச் சான்றிதழும் வேண்டாம், பதில் வேண்டும் என்றார்கள். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கேட்டபடியே இறந்து போனார்கள்.

வவுனியாக் கொட்டகையில் அவர்கள் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பிடித்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. கொழும்புக்கு எழுதிய அத்தனை கடிதமும் பதிலில்லாமல் கிடக்க, விலாசத்தை மாற்றி எழுதுகிறார்கள். ஜெனிவாவுக்கு எழுதுகிறார்கள், வோஷிங்டனுக்கு எழுதுகிறார்கள். மனுவை மன்னர் வாங்க மறுத்ததால் பிறந்த ஒரு நாட்டிடம், தங்கள் மனுவை வாங்கும்படி கேட்கிறார்கள். அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கேட்கும் தாய்மார் இருக்கும்போதே, அவர்களுடைய பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

 வணக்கம்.